சிக்னல் போனால் நிற்கிற போர்டு

எந்த போர்டு வாங்குவது என்று கேட்கிறீர்கள். பட்டறைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். மோட்டாரைப் பற்றிக் கேட்பதில்லை. றெக்கையைப் பற்றிக் கேட்பதில்லை. ட்ரோனுக்கு மூளை ஃப்ளைட் கன்ட்ரோலர் என்கிற போர்டு என்று தெரிந்துகொண்டு வருகிறீர்கள். சரிதான். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன்.

நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. ராயபுரத்துக்காரன். காசிமேட்டில் படகுகளுக்கு வயரிங் பார்த்தேன். பேட்டரி, வயர்லெஸ், ஜி.பி.எஸ். இவைதான் என் பிழைப்பு. தலை நரைத்த பிறகு ட்ரோன் கட்டப் பழகினேன். இப்போது சால்டரிங் வைக்கிற இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நிறுத்திவிட்டேன். மாடல், விலை எல்லாம் என்னைக் கேட்காதீர்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் மாறிவிடும். போர்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது மட்டும் மாறவில்லை. அதை எனக்குக் காட்டியவள் என் மகள் வயதுப் பெண். வியாசர்பாடியில் இருந்து வந்து எங்கள் பட்டறையில் வேலை பார்த்தாள். "எழுதுனா என் பேரு போடாத அண்ணா" என்று சொல்லியிருக்கிறாள். போடவில்லை.

எங்களுக்கு ட்ரோன் எதற்கு என்றால், வலை தேட. கடலில் விட்ட வலை நீரோட்டத்தில் நகர்ந்துவிடும். அதன் மிதவையைத் தேடிப் படகு சுற்றும். டீசல் கரையும். என் தங்கச்சி புருஷன் சூசை ஃபைபர் படகு ஓட்டுகிறவன். "மேலேர்ந்து ஒரு கண்ணு பாத்தா போதும் மச்சான்" என்று அவன்தான் ஆரம்பித்து வைத்தான்.

முதல் ட்ரோன் மிஷினுக்கு நான் வாங்கியது பெட்டி போல மூடிய போர்டு. ஈரம் புகாது. பிரித்துப் பார்க்க ஒன்றும் இல்லை. சிக்னல் அறுந்தால் தானே வீடு திரும்பும் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. எனக்கு அது பிடித்தது. பட்டறைக்கு எதிரே இருந்த மைதானத்தில் ரிமோட்டை அணைத்துப் பார்த்தேன். கிளம்பிய இடத்துக்கே வந்து காலடியில் இறங்கியது. இதைவிட என்ன வேண்டும் என்று கடலுக்கு எடுத்துப் போனோம்.

சூசையின் படகில் இருந்து ஏற்றினேன். நன்றாகப் போனது. தூரத்தில் சிக்னல் அறுந்தது. நான் பதறவில்லை. திரும்பும் என்று தெரியும். திரும்பியது. கிளம்பிய இடத்துக்கு மேலே வந்து, நேராக நின்று, மெதுவாகத் தண்ணீரில் இறங்கியது. முழுகியது.

அது ஏறின இடத்தில் இருந்து படகு எப்போதோ நகர்ந்துவிட்டது. மிஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

சூசை சிரித்துச் சிரித்து இருமினான். "மச்சான், உன் மிஷினு கரெக்டா வூட்டுக்கு வந்துச்சு. வூட்டத்தான் காணோம்."

"மூடுடா" என்றேன்.

வெறுங்கையோடு பட்டறைக்குப் போனேன். அந்தப் பெண் விஷயத்தைக் கேட்டாள். சிரிக்கவில்லை. மேஜை மேல் மூன்று போர்டுகளை எடுத்து வைத்தாள்.

ஒன்று தீப்பெட்டி அளவு. பந்தயத்துக்குப் பறக்க விடுகிறவர்கள் வாங்குவது. மிஷினைச் சாயாமல் பிடிக்கும், அவ்வளவுதான். மற்றது எல்லாம் நம் கை. இரண்டாவது, நான் வாங்கியது போலவே மூடிய பெட்டி. மூன்றாவது பெரிய போர்டு. சுற்றிலும் ஊசி ஊசியாக வயர் மாட்டுகிற இடம். கம்ப்யூட்டரில் மாட்டினால் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நாம் பதில் வைக்க வேண்டும்.

நான் மறுபடி இரண்டாவதில்தான் கை வைத்தேன். மூடியது என்றால் உப்புக்காற்றுக்குத் தாங்கும் என்று ஒரு எண்ணம்.

"அண்ணா, ஒண்ணு கேக்குறேன். இது இன்னா இன்னா பண்ணும்னு பாத்து வாங்குறியா, சிக்னல் போனா இன்னா பண்ணும்னு பாத்து வாங்குறியா?"

"திரும்பி வரும்."

"எங்க?"

நான் போர்டில் இருந்து கையை எடுத்தேன்.

"சின்ன வயசுல எங்கம்மா மார்க்கெட்டுக்கு இட்டுக்கினு போவும். கை வுட்டுப் போச்சுன்னா இன்னா பண்ணணும்னு போறதுக்கு முன்னாடியே சொல்லும். 'என்னைத் தேடிக்கினு ஓடாத. நின்ன எடத்துலயே நில்லு. நான் வரேன்.' ரெண்டு பேரும் தேடிக்கினு சுத்துனா ரெண்டு பேரும் காலி அண்ணா. நீ படகுல நகந்துகினு இருக்குற ஆளு. அது நிக்கணும்."

"நின்னா பேட்டரி தீந்து தண்ணில வுழுமே."

"வுழும். அதுக்குள்ள நீ போய்ப் புடி. போவ முடியலன்னா வுழட்டும். ஆனா எங்க கீதுன்னு உனக்குத் தெரியும்ல?"

மூடிய பெட்டியில் இதை மாற்ற வழி இல்லை. வீட்டுக்குத் திரும்பு என்பது உள்ளேயே எழுதி அடைத்தது. தீப்பெட்டி போர்டுக்கு நிற்கத் தெரியாது. மூன்றாவது போர்டு கேட்டது: சிக்னல் போனால் என்ன செய்யட்டும்? திரும்பவா, இறங்கவா, நிற்கவா? அவள் 'நில்' என்று வைத்தாள். பேட்டரி கடைசியாகும்போது நிற்கிற இடத்திலேயே மெதுவாக இறங்கு என்றும் வைத்தாள்.

"இது பேஜாரு புடிச்ச போர்டு அண்ணா. ஒரு வாரம் தலவலி குடுக்கும். ஆனா சொன்ன பேச்சு கேக்கும்" என்றாள்.

ஒரு வாரத்துக்கு மேலேயே கொடுத்தது. அதில் பாதித் தலைவலியை நாங்களே விலைக்கு வாங்கினோம். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று போர்டுக்குத் திசை சொல்கிற காம்பஸைச் சரிபார்த்தேன். பக்கத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அவ்வளவு இரும்பு. போர்டு அந்த இரும்பைச் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டது. கடற்கரைக்குப் போய் ஏற்றினால் மிஷின் செக்கு மாடு மாதிரி வட்டம் போட்டது. நம் பக்கத்தில் லாரி நிற்காத இடம் லேசில் கிடைக்காது. தேடிப் போய்ச் சரிபாருங்கள்.

அடுத்தது பொட்டு. ஏகாம்பரம் என்று இன்னொரு படகுக்காரர். திருவொற்றியூர் குப்பத்துக்காரர். சூசைக்கும் அவருக்கும் ஒரு வலைத் தகராறில் பேச்சு கிடையாது. என்னோடு மட்டும் பேசுவார். புது மிஷின் என்றதும் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். நான் மாதா படத்துக்கு முன்னால் ஏற்கனவே வைத்து எடுத்தாயிற்று என்றேன்.

"அது உங்க மாதாவுக்கு. கடலம்மாவுக்கு யாரு காட்டுறது?" என்று போர்டு நடுவில் ஒரு பொட்டு வைத்தார். உயரம் பார்க்கிற சென்சாருக்குக் காற்று போக அங்கே ஒரு ஊசித் துளை இருக்கிறது. சந்தனம் அதை அடைத்தது. தரையில் நிற்கிற மிஷின் தன்னை மாடி உயரத்தில் இருப்பதாகச் சொன்னது.

அந்தப் பெண் ஊசியால் சுத்தம் செய்தாள். "நைனா, பொட்டு வை. வேணாம்னு சொல்லல. மூஞ்சில வெக்காத, கால்ல வை."

"பொட்டு காலுக்காம்மா வெப்பாங்க?"

"இதுக்குக் காலுதான் மூஞ்சி."

அவர் யோசித்தார். நான்கு கால்களுக்கும் வைத்தார். போகும்போது, "வெவரமான பொண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கடலில் இன்னொரு சிக்கல் வந்தது. இந்த போர்டுக்குக் கரண்ட் கொடுத்ததும் சில விநாடி அசையாமல் இருக்க வேண்டும். தான் நேராக இருக்கிறோமா என்று அப்போதுதான் பார்த்துக்கொள்ளும். அசைந்தால் கிளம்பாது. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். படகு எங்கே அசையாமல் இருக்கும்? பலகை வைத்தோம், மெத்தை வைத்தோம். மினுக்கியது.

"இன்னா மச்சான், இதுக்குக் கடலு ஒத்துக்காதா? வாந்தி எடுக்குமா?" என்றான் சூசை. பிறகு மிஷினை வாங்கி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டான். முட்டியை மடக்கி நின்றான். படகு ஆடியது. அவன் கால் ஆடியது, இடுப்பு ஆடியது. கை ஆடவில்லை. சாப்பாட்டுத் தட்டில் குழம்பு சிந்தாமல் நிற்கிற வித்தை. படகில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பச்சை விளக்கு வந்தது. அவன் கையில் இருந்தே ஏற்றினேன். இறங்கும்போதும் அவனே பிடித்தான்.

இப்படி அந்த போர்டோடு பழகினோம். வலை தேடினோம். சில நாள் கிடைத்தது, சில நாள் இல்லை. இரண்டு தடவை சிக்னல் போனது. இரண்டு தடவையும் அது நின்றது. நாங்கள் படகை அதன் அடியில் கொண்டு போய்ப் பிடித்தோம்.

இனிச் சொல்லப் போவதுதான் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

காற்று அடித்த ஒரு காலை. சூசை இரண்டு ஆட்களோடு கடலில் இருந்து திரும்பிக்கொண்டிருந்தான். திருவொற்றியூர் பக்கம் அலையைத் தடுக்கக் கருங்கல் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருப்பார்களே, அதற்கு நேராக வரும்போது எங்கோ அறுந்து மிதந்த வலை அவன் இன்ஜின் விசிறியைச் சுற்றிக்கொண்டது. இன்ஜின் நின்றது. நங்கூரம் போட்டான். அடியில் மணல். நங்கூரம் பிடிக்காமல் இழுத்துக்கொண்டே வந்தது. படகு கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லை நோக்கிப் போனது. அந்த அலையில் அந்தக் கல் மேல் விழுந்தால் நீச்சல் தெரிந்தும் பிரயோஜனம் இல்லை. மூன்று பேர்.

செய்தி கேட்டு நான் கரைக்குப் போனபோது என் தங்கச்சி மணலில் நின்றிருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

ஏகாம்பரம் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். சூசையோடு பேசாதவர். "ஏறு தோஸ்து. மிஷினு எடுத்தாந்தியா?" என்றார். எடுத்து வந்திருந்தேன். துறைமுகம் பக்கத்தில் அனுமதி இல்லாமல் எதையும் ஏற்றக்கூடாது. கரையில் காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் சொன்னேன். அவர் கடலைப் பார்த்தார், என் தங்கச்சியைப் பார்த்தார். மேலிடத்துக்கு வயர்லெஸ்ஸில் பேசினார். "வுடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

கயிறு வீசுகிற தூரத்துக்கு ஏகாம்பரத்தின் படகு போக முடியாது. போனால் அதுவும் கல்லுக்குத்தான் போகும். அலை உடைகிற இடத்துக்கு வெளியே நின்றோம். தூண்டிலுக்குக் கட்டுகிற மெல்லிய தங்கூஸ் நரம்பை மிஷினின் அடியில் கட்டினேன். முனையில் ஒரு ஈயக்குண்டு கீழே தொங்கியது. மிஷினோடு சேர்த்துக் கட்டியது தையல் நூலால். கீழே இருந்து யாராவது இழுத்தால் நூல் அறுந்து நரம்பு அவர்கள் கைக்குப் போகும். நரம்பின் மறுமுனையில் தடித்த நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனை எங்கள் படகில். சூசை நரம்பைப் பிடித்துவிட்டால் போதும். பின்னாலேயே கயிறு போகும். இழுத்துவிடலாம்.

மிஷினுக்குக் கரண்ட் கொடுத்தேன். நான் கேட்பதற்கு முன்பே ஏகாம்பரம் அதை வாங்கிக் கையில் ஏந்திக்கொண்டார். முட்டி மடங்கியது. சூசை நின்றது போலவே நின்றார். சூசை நிற்பதை அவர் பார்த்ததே இல்லை. பச்சை வந்தது.

"பொட்டு காலுலதான் கீது. போ" என்று தூக்கினார்.

போனது. காற்று எதிர்த்தது. நான் உயரத்தைக் கூட்டி, நரம்பு தண்ணீரில் படாமல் கொண்டு போனேன். சூசையின் படகுக்குக் கிட்டே போய்விட்டது. இரண்டு பேர் கையை நீட்டி எழுந்தார்கள். ஈயக்குண்டு அவர்கள் தலைக்கு மேலே ஆடியது. கொஞ்சம் முன்னால் வந்து கொஞ்சம் இறங்கினால் போதும். இறக்கினேன்.

அப்போது பக்கத்தில் இருந்து ஒரு அலை வந்து எங்களை அடித்தது. நான் விழுந்தேன். ரிமோட்டைச் சுற்றிக் கட்டிய பாலிதீன் கவர் கிழிந்தது. எழுந்து பார்த்தால் ரிமோட்டில் விளக்கு இல்லை. தண்ணீர் ஒழுகியது.

"இன்னா ஆச்சு?"

"சிக்னல் போச்சு."

"தட்டுய்யா! எதையாவது அமுக்கு!"

அமுக்கத் தோன்றியது. அந்த நேரத்தில் கை சும்மா இருக்காது. ரிமோட்டுக்கு உயிர் வந்து வந்து போனால், அப்போது நம் விரல் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் மிஷின் பாயும். நான் மிஷினைத் திருப்புகிற குச்சிகளை நடுவில் விட்டேன். விரலை எடுத்தேன். ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

"இன்னாய்யா கீழ வெக்கிற?" ஏகாம்பரம் கத்தினார். "அது திரும்பி வந்துடப் போவுது!"

"வராது."

"உனுக்கு எப்டித் தெரியும்?"

"அந்தப் பொண்ணு சொல்லி வெச்சிருக்குது."

மிஷின் நின்றது. காற்று தள்ளியது. சாய்ந்து சாய்ந்து எதிர்த்து அதே இடத்தில் நின்றது. பழைய போர்டாக இருந்தால் ஈயக்குண்டு அவர்கள் விரலுக்கு எட்டும் நேரத்தில் திரும்பிப் பறந்திருக்கும். நரம்பையும் கொண்டு வந்திருக்கும். இது நின்றது. நரம்பு நேராகத் தொங்கியது. ஒரு முழம் எட்டவில்லை.

நான் செய்ய ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினேன். "மாப்ள! அது நகராது! நீ வா! நீ அதுக்குக் கிட்ட வா!"

காற்றில் எவ்வளவு காதில் விழுந்ததோ. சூசை புரிந்துகொண்டான். மிஷின் ஆடாமல் நிற்பதைப் பார்த்தே புரிந்திருப்பான். அதனோடு பழகியவன். துடுப்பை எடுத்தான். இன்னொருவன் இன்னொரு பக்கம் போட்டான். அந்த அலையில் படகை ஒரு முழம் நகர்த்துவது லேசு இல்லை. தொங்குகிற இடம் ஒரே இடமாக இருந்ததால் முயன்றார்கள். ஓடுகிற ஒன்றைத் துரத்தச் சொன்னால் முடியாது. ஒரு அலை தூக்கியபோது மூன்றாவது ஆள் எம்பினான். குண்டு கையில் சிக்கியது. இழுத்தான். நூல் அறுந்தது.

நரம்பு போனது. பின்னால் கயிறு போனது. கட்டினார்கள். நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டார்கள். ஏகாம்பரம் இன்ஜினை முறுக்கினார். கல்லைத் தொடுகிற தூரத்தில் இருந்து படகு திரும்பியது.

கொஞ்ச தூரம் இழுத்த பிறகு ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். "தோஸ்து, மிஷினு?"

அங்கேயேதான் நின்றது. கீழே படகு இல்லை, யாரும் இல்லை. போய்ப் பிடிக்க முடியாது. கயிற்றின் அந்த முனையில் மூன்று பேர் இருக்கிறார்கள்.

"நிக்கட்டும்" என்றேன்.

பேட்டரி தீர்ந்ததும் இறங்கியது. எழுதி வைத்தபடி மெதுவாகத்தான் இறங்கியது. அலை வாங்கிக்கொண்டது.

கரையில் என் தங்கச்சி சூசையை ஒரு அறை அறைந்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள். ஏகாம்பரம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சூசை அவர் முன்னால் போய் நின்றான்.

"இன்னா பாக்குற? நங்கூரம் ஒண்ணு நம்ம வூட்ல கீது. வந்து எட்த்துக்கினு போ" என்றார் அவர்.

அவர்களுக்குள் பேச்சு அப்படித்தான் திரும்பவும் ஆரம்பித்தது. இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். பேசிக்கொண்டே போடுகிறார்கள்.

போர்டு வாங்கும்போது அட்டையில் போட்டிருப்பதை எல்லாம் படியுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. எவ்வளவு வேகம், எத்தனை மோட்டார், எந்த வயர், எல்லாம் வேண்டும்தான். கடைசியில் ஒன்று கேளுங்கள். என் கை அதன் மேல் இல்லாத நேரத்தில் இது என்ன செய்யும்? அதை நான் மாற்ற முடியுமா? பிறகு, நீங்கள் எங்கே நின்று பறக்க விடுகிறீர்கள் என்று யோசித்துப் பதில் வையுங்கள். மைதானத்தில் நிற்கிறவனுக்கு வீட்டுக்குத் திரும்புவது சரி. படகில் நிற்கிறவனுக்கு வேறு. உங்களுக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. அந்தப் பதிலைக் கரையில் இருக்கும்போதே வைத்துவிடுங்கள். அலை அடித்த பிறகு வைக்க முடியாது.

அந்தப் பெண் இப்போது வேறு ஊரில் பெரிய வேலையில் இருக்கிறாள். என் தங்கச்சி ஒவ்வொரு மாதா திருநாளுக்கும் அவள் பேரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். இது அவளுக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

படகை இழுத்து வந்த அன்று நான் கரையில் இருந்து நேராகப் பட்டறைக்குப் போனேன். சட்டை ஈரம் காயவில்லை. அவள் குனிந்து சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தாள். விஷயம் அவளுக்கு முன்பே வந்திருந்தது. மூன்று பேரும் கரை சேர்ந்ததும் தெரியும். நான் வாசலிலேயே நின்றேன்.

"மிஷினு போச்சும்மா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.

"நின்னுச்சா அண்ணா?"

"நின்னுச்சும்மா."

தலையை ஆட்டினாள். திரும்பக் குனிந்து வேலையைப் பார்த்தாள்.